மில்லி மேடம் பாலத்தை மூடி வைத்த வாரம்

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு கூட்டத்தில். நெடுஞ்சாலை அலுவலகத்தின் மாடி அறை. மின்விசிறியே கொட்டாவி விட்டுக்கொண்டு சுற்றுகிற மத்தியான நேரம். புதுப் பாலம் எப்படி இருக்கிறது என்று மேலதிகாரி கேட்டார். அவள் எழுந்து நின்று, "இக்கரைச் சுவர் மூணு மில்லிமீட்டர் முன்னாடி வந்திருக்கு சார்" என்றாள்.

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கணக்குப் பிரிவுக்காரர், "என் மூக்குக் கண்ணாடியே ஒரு நாளைக்கு அதைவிட ஜாஸ்தி நகருதும்மா" என்றார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டு, "உங்க கண்ணாடி மேல பஸ் போகாதே சார்" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அலுவலகம் முழுக்க அவள் மில்லி மேடம். அடுத்த வாரம் ஆற்றங்கரை டீக்கடை வரைக்கும் பெயர் போய்விட்டது. கடைசியில் அது வீட்டுக்குள்ளும் நுழைந்து, கோபமாக இருக்கும்போது மாமியாரே, "எங்க அந்த மில்லி?" என்று மகனிடம் கேட்கும்படி ஆயிற்று.

அவள் அப்பா தையற்காரர். சின்ன வயதில் அவருடைய அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் தன் முதல் சர்வே வேலை என்று சொல்லுவாள். படித்தது பொறியியல். படித்து முடித்ததும் கூடப் படித்தவர்கள் எல்லாரும் கட்டுவதற்குப் போனார்கள். இவள் மட்டும் கட்டியது எப்படி இருக்கிறது என்று பார்க்கிற வேலைக்கு வந்தாள். "கல்யாணம் பண்ணி வைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. அப்புறம் போய் நல்லா இருக்கீங்களான்னு கேக்குறவங்கதான் கம்மி" என்பாள்.

அவள் கல்யாணமும் பாலத்தால் நடந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் அளவுக் கருவியை நிறுத்தும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் பஸ்ஸில் போவாள். ஒரு நாள் நடத்துநர், முக்காலிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "அது நின்னுக்கிட்டுத்தானே வருது, விடுப்பா" என்றார். பஸ் சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த டிரைவர்தான் இப்போது அவள் கணவர். இன்றைக்கும் அந்தப் பாலத்தின் மேல் ஒரு நாளைக்குப் பல முறை போய் வருகிற பஸ் அவருடையதுதான்.

பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே முன்பு இருந்த பாலத்தை ஒரு வெள்ளம் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. புதுப் பாலத்தின் இரண்டு முனைகளிலும், உத்திரம் வந்து உட்காருகிற சுவர்களை வேறு விதமாகக் கட்டினார்கள். அபட்மென்ட் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். ஊருக்கு அது வெறும் சுவர். உள்ளே முழுக்க கான்கிரீட் கிடையாது. ஒரு அடுக்கு மண்ணைக் கொட்டி இறுக்கி, அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் வலை விரித்து, மறுபடி மண், மறுபடி வலை என்று பாய்க்குமேல் பாய் போட்டதுபோல அடுக்கி உயர்த்தி, முகப்பில் கான்கிரீட் கட்டிகளைப் பூட்டி நிறுத்தியிருந்தார்கள். கரை கொஞ்சம் அமுங்கினாலும் இந்த மாதிரிச் சுவர் சற்று வளைந்துகொடுத்து நிற்கும். ஊருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "மண்ணையும் பிளாஸ்டிக்கையும் வெச்சு பாலமா? குழந்தைங்க விளையாட்டா இருக்கு" என்றார்கள்.

அதனால்தான் அவள். சுவருக்குள் செங்குத்தாகக் குழாய்கள் இறக்கியிருந்தார்கள். ஒரு நாடாவை அதற்குள் விட்டால், நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலே 'பீப்' என்று கத்தும். உள்ளே மண்ணில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். சுவர் முகத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிகள் பதித்திருந்தார்கள். எட்ட நின்று கருவியால் அவற்றைக் குறிபார்த்தால் சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் சொல்லிவிடலாம். சுவரின் காலடியை ஆறு அரித்துவிட்டதா என்று கோல் விட்டுப் பார்ப்பதும் உண்டு. கூட வருபவர் அலுவலகத்தில் நெடுநாள் உதவியாளர், ஆறடிக்கும் மேல் உயரம். அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கோல் எது ஆள் எது என்று தெரியாது. அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். அவரே அப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார்.

அந்த வருடம் வெள்ளம் வந்தது நாத்தனார் கல்யாணத்துக்கு முந்தின வாரம்.

நாத்தனார் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மாப்பிள்ளை அக்கரையில் பேக்கரி வைத்திருப்பவர். தலைவலி மாத்திரை வாங்க வந்து வந்து, கடைசியில் தலைவலியே இல்லாமல் வந்து நின்றவர். மண்டபம் அக்கரையில் பிடித்தாயிற்று, இக்கரையிலிருந்து எல்லாரையும் கூட்டிப்போக அண்ணனே பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்தாயிற்று. வீட்டில் எந்த நாற்காலியிலும் உட்கார இடம் இல்லை, எல்லாவற்றிலும் புதுத்துணிப் பைகள்.

ஆறு மளமளவென்று ஏறி, சுவர்களை முக்கால்வாசி விழுங்கிவிட்டு நின்றது. பாலத்தை மூடினார்கள். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. கண் முன்னால் மரங்கள் உருண்டு போகும்போது யார் பாலத்தில் ஏறப்போகிறார்கள்? இரண்டு நாள் அப்படி நின்றுவிட்டு, வந்த வேகத்திலேயே தண்ணீர் இறங்கியது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஊர் துணியைக் காயப்போட்டுவிட்டு, பாலம் எப்போது திறக்கும் என்று கேட்க ஆரம்பித்தது.

அன்று காலை மில்லி மேடமும் கொடிக்கம்பமும் முதலில் பாலத்தின் மேல் நடந்து அக்கரைக்குப் போனார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு. ஆறு இறங்கிய அளவுக்குச் சுவருக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருந்தது. திரும்பி வந்து இக்கரைக் குழாயில் நாடாவை விட்டார்கள். விட்ட கொஞ்ச நேரத்திலேயே 'பீப்' என்றது.

கொடிக்கம்பம் புருவத்தைத் தூக்கினார். "என்ன மேடம், நேத்து கத்தின இடத்துலயே கத்துது?"

"நாடா நனைஞ்சிருக்கும்ணே. துடைச்சுட்டு மறுபடி விடுங்க."

துடைத்துவிட்டு விட்டார். மறுபடி அதே இடம். அடுத்த குழாய், அங்கும் அப்படியே. அவள் கருவியை நிறுத்திச் சுவர்க் கண்ணாடிகளைக் குறிபார்த்தாள். சுவர் ஒரு விரல் தடிமன் முன்னால் வந்திருந்தது. இத்தனை வருடத்தில் அது மொத்தமாக நகர்ந்ததைவிட அதிகம்.

"தண்ணி இறங்கிடுச்சே, இனிமே என்ன பயம்?" என்றார் கொடிக்கம்பம்.

"இறங்கினதுதான்ணே பயம். ஒரு கதவை ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் தள்ளிக்கிட்டு இருந்தா கதவு நிக்கும். ஒருத்தர் சட்டுனு கையை எடுத்துட்டா? வெளியில ஆறு சுவரைத் தாங்கிக்கிட்டு இருந்துச்சு, அது போயிடுச்சு. உள்ள இருக்கிற தண்ணி மட்டும் இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கு."

கொடிக்கம்பம் சுவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

மத்தியானம் மாடி அறையில் கூட்டம். பஸ் டிப்போ மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கரைக்கு வேறு வழி மலையைச் சுற்றித்தான். அந்தச் சாலையிலும் பாதி இடத்தில் இடுப்பளவு தண்ணீர்.

"வெயில் அடிக்குதும்மா. ஆறு பாதிக்குக் கீழ போயிடுச்சு. இன்னும் எதுக்கு மூடி வைக்கணும்? வேணும்னா காலி பஸ் ஒண்ணை விட்டுப் பாப்போம்."

"காலி பஸ்ஸும் பஸ்தான் சார்" என்றாள் அவள். "எந்தச் சுமையும் இல்லாமலே சுவர் நகர்ந்துக்கிட்டு இருக்கு."

"எப்ப திறக்கலாம்? தோராயமா சொல்லுங்க."

"உள்ள தண்ணி இறங்கினதும். அது எப்ப இறங்கும்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

மேலதிகாரி நிதானமானவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவள் கொண்டுவந்த அளவுகளை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் பார்த்துவிட்டு, "மூடியே இருக்கட்டும். யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க. போன் எல்லாம் எனக்கு வரட்டும்" என்றார்.

எல்லாரும் எழுந்து போன பிறகு அவளைக் கூப்பிட்டார். "உங்க வீட்டுக் கல்யாணம் அக்கரையிலதானே?"

"ஆமா சார்."

"பயமா இருக்கா?"

"சுவரைவிட எங்க அத்தைதான் சார் பயம்."

அவர் சிரித்ததை அலுவலகத்தில் அதற்கு முன் பார்த்தவர்கள் குறைவு.

வீட்டில் சமாசாரம் அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மாமியார் கூடத்தில் துணிப் பைகளுக்கு நடுவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷிதான். சேற்றுக் காலோடு வருகிற மருமகளுக்காக வாசலில் ஒரு வாளித் தண்ணீரைத் தினமும் எடுத்து வைக்கிறவர் அவர்தான். ஆனால் அன்றைக்கு வாளி காலியாக இருந்தது.

"பாலத்தை மூடச் சொன்னது நீதானாமே."

"மூடச் சொன்னது எங்க சார் அத்தை. நான் அளந்து சொன்னேன்."

"கத்தியைக் கையில கொடுத்துட்டு, குத்தினது நான் இல்லங்கிற. ஏம்மா, உன் கூடப் பொறந்த தங்கச்சி கல்யாணமா இருந்தா இப்படிப் பண்ணுவியா?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அவள் காலி வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "பண்ணுவேன் அத்தை. கூடப் பொறந்தவளா இருந்தா இன்னும் கூடுதலா ரெண்டு தடவை அளந்திருப்பேன். இதையும் அப்படித்தான் அளந்தேன்" என்றாள்.

கணவர் அப்போதுதான் சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்டா. உன் பஸ்தானே. ஒரு தடவை மெதுவா ஓட்டிட்டுப் போயிட மாட்டியா?"

"அம்மா, ரோட்டைப் பத்தி யார் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். பாலத்தைப் பத்தி இவ சொன்னா கேப்பேன். அம்பது பேரை வெச்சுக்கிட்டு ஓட்டுறேன்மா. அதுல நம்ம ஆளுங்களும் இருக்காங்க."

"எல்லாரும் ஒரு கட்சி" என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போய்விட்டார். நாத்தனார் மட்டும் கதவோரம் வந்து நின்று, "அண்ணி, அவர்கிட்ட பேசினேன். மண்டபம் போனா என்ன, பேக்கரியிலயே வெச்சுக்கலாம்ங்கிறார். ஆனா அதுவும் அக்கரையிலதான் இருக்கு" என்றாள். அவ்வளவு கவலையிலும் மில்லி மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை மேலதிகாரியே முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். அக்கரைச் சுவர் வடிகிறது, இக்கரைச் சுவர் வடியவில்லை என்றால் நடுவில் ஏதோ இருக்கிறது. இரண்டு சுவர்களின் அடியிலும் வரிசையாக வடிகால் ஓட்டைகள் உண்டு. உள்ளே வருகிற தண்ணீர் சரளைக்கல் வழியாகவும் வடிதுணி வழியாகவும் வந்து அந்த ஓட்டைகளில் வெளியேற வேண்டும். மண் மட்டும் வெளியே வரக் கூடாது. முந்தின நாள் வரை இக்கரையில் அந்த இடம் தண்ணீருக்குள் இருந்தது. இப்போது சேறு மட்டும்.

சுவரை ஒட்டி நடந்தார்கள். மேலதிகாரி ஒரு முறை வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்ந்து நடந்தார். சேற்றைக் கையால் வழித்துவிட்டு ஓட்டைகளைத் தேடினால், ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மழமழவென்று சிமெண்ட் பூச்சு. அதுவும் நல்ல கைவேலை. நன்றாக இழுத்து மெழுகியிருந்தது.

"இதை யார் பூசினது?" என்றார் மேலதிகாரி.

அந்த இடத்தில் வெள்ளத்துக்கு முன்பு ஒரு கொட்டகை இருந்தது. மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குடையது. கொட்டகையை ஆறு கொண்டுபோய்விட்டது, கம்பங்கள் மட்டும் நின்றன. அவள் வாரா வாரம் வந்தபோதெல்லாம் அந்தச் சுவரோரம் பழைய டயர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். மெக்கானிக்குக்கு வணக்கம் சொல்லிவிட்டு, டயர்களுக்கும் சேர்த்து ஒரு வணக்கம் வைக்காத குறையாகத் தாண்டிப் போயிருக்கிறாள். ஒரு நாளாவது பின்னால் எட்டிப் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது. தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மெக்கானிக் அங்கேதான் சேற்றில் ஸ்பானர்களைத் தேடிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அதுவா? நான்தான் மேடம் அடைச்சேன். மழை நின்னாலும் அதுல இருந்து ஒழுகிக்கிட்டே இருக்கும். சாமான் எல்லாம் துருப் பிடிக்குது, உக்கார இடம் இல்ல. சுவர்ல ஏதோ ஓட்டை விழுந்திருக்கு, பாவம் கவர்மென்ட் பாக்கலன்னு நானே பழைய டியூபை வெட்டித் திணிச்சு மேல பூசி விட்டுட்டேன். அப்புறம் ஒரு சொட்டு வரல பாத்துக்கோங்க."

"ஒரு சொட்டு வரல" என்று அவள் திருப்பிச் சொன்னாள். மேலதிகாரி ஆற்றைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். அவர் தோள் குலுங்கியது.

விஷயத்தை எடுத்துச் சொன்னதும் மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் உளியும் சுத்தியலும் எடுத்துட்டு வரேன் மேடம். நான் அடைச்சதை நானே பிரிச்சு விடுறேன்" என்றார்.

அவசரப்பட முடியாது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால், உள்ளே தேங்கிய தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு வரலாம். ஒன்று ஒன்றாகத் திறப்பது, வருகிற தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தெளிவாக வந்தால் நல்லது. கலங்கலாகவே வந்துகொண்டிருந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். உடனே மூடிவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும்.

மாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது அப்போதுதான். மருமகளின் பெரிய அதிகாரியை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு வந்திருந்தார். பின்னாலேயே மகன், "அம்மா, வேணாம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"சார் நீங்கதானா?" என்று மாமியார் ஆரம்பிப்பதற்கும், மெக்கானிக் முதல் பூச்சைத் தட்டி எடுத்து ரப்பரைப் பிடித்து இழுப்பதற்கும் சரியாக இருந்தது.

ரப்பர் முதலில் வர மறுத்தது. காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தார். 'டப்' என்று ஒரு சத்தம். ரப்பரும் மெக்கானிக்கும் ஒன்றாகப் பின்னால் போய்ச் சேற்றில் விழுந்தார்கள். அவர் மேல் ஒரு கை கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

மில்லி மேடம் பாட்டிலை நீட்டிப் பிடித்தாள். காப்பி நிறத்தில் இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். இன்னும் கலங்கல்தான். மேலதிகாரி பக்கத்தில் வந்து குனிந்தார். மூன்றாவது முறை பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கினாள். பாட்டிலுக்கு அந்தப் பக்கம் கொடிக்கம்பத்தின் மூக்கு தெளிவாகத் தெரிந்தது.

"வாயில சேர்ந்திருந்த சேறுதான் சார் முதல்ல வந்திருக்கு. இப்ப தெளிஞ்சிடுச்சு" என்றாள். "அடுத்ததைத் திறக்கலாம்."

இரண்டாவது, மூன்றாவது என்று திறந்துகொண்டே போனார்கள். ஒவ்வொன்றும் பீய்ச்சி, பிறகு அடங்கி, நிதானமாக ஊற்றியது. மாமியார் கேட்க வந்ததை மறந்துவிட்டு, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தண்ணியும் அதுக்குள்ளயா இருந்துச்சு?"

"இன்னும் இருக்கு அத்தை."

"இதோட மேல நம்ம பஸ் போயிருந்தா?"

"ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். நான் அதை நம்பி உங்க எல்லாரையும் ஏத்தி விட முடியாதில்ல."

மாமியார் நிமிர்ந்தார். முந்தின நாளிலிருந்து மருமகளுக்கென்று சேர்த்து வைத்திருந்த அத்தனை திட்டும் உள்ளே அப்படியே பத்திரமாக இருந்தது. அதை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். அவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். அதன் பிறகு நடந்ததைப் பற்றிக் கொடிக்கம்பம் இன்றைக்கும் சொல்லுவார்: ஆறு அன்றைக்கு இன்னும் கொஞ்சம் இறங்கியதற்கு அந்தச் சத்தமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று. சேற்றில் உட்கார்ந்தபடியே மெக்கானிக் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். முடிவில், "என் பொண்ணு கல்யாணத்தையே அடைச்சு வெச்சுட்டியேப்பா" என்று மாமியார் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "பிரிச்சு விட்டுட்டேனேம்மா" என்றார் அவர் பணிவாக. மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கக் குடையை முன்னால் சாய்த்துக்கொண்டார்.

தண்ணீர் வடிவதற்குக் கல்யாண நாள் தெரியுமா? அது தன் போக்கில்தான் வடிந்தது. அவள் நாளுக்குப் பல முறை போய் நாடாவை விட்டுப் பார்த்தாள். 'பீப்' சத்தம் ஒவ்வொரு முறையும் சற்றுக் கீழே போயிற்று. சுவர் நகர்வது முதலில் குறைந்தது, பிறகு நின்றது. முன்னால் வந்த அந்த ஒரு விரல் திரும்பிப் போகாது. அதைப் பற்றிக் கவலையும் இல்லை. வலைகள் பிடித்துக்கொண்டிருந்தன. இனி புதிதாக நகராமல் இருந்தால் போதும்.

கல்யாணத்தன்று காலையில் பார்த்தபோது தண்ணீர் பெரும்பாலும் இறங்கியிருந்தது, ஆனால் முழுக்க இல்லை. அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள்.

"வண்டி வேணாம்" என்றார் அவர். "நடந்து போறவங்களை விடலாமா? உங்க அபிப்பிராயம்?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பாலத்துக்கு ஜனங்கள் நடப்பது ஒரு பாரமே இல்லை. ஆனாலும் தன் வீட்டுக் கல்யாணம் என்பதற்காக மனசு இந்தப் பக்கம் சாய்கிறதா என்று தன்னையே ஒரு முறை அளந்து பார்த்துக்கொண்டாள். "விடலாம் சார். நான் கீழ நின்னு சுவரைப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"உங்க நாத்தனார் கல்யாணத்துக்கு நீங்க போகலையா?"

"கடைசி ஆள் தாண்டினதும் நானும் போவேன் சார்."

ஆக, பாலம் அன்றைக்கு நடப்பவர்களுக்கு மட்டும் திறந்தது. வாரம் முழுக்க இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள், அந்தப் பக்கம் வேலை இருந்தவர்கள், அவர்களுக்கு நடுவே புதுத்துணியில் கல்யாண வீட்டார். பஸ் டிரைவர் கையில் ஸ்டியரிங் இல்லாமல் அந்தப் பாலத்தைக் கடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. பாதி வழியில் மாமியாருக்கு முழங்கால் வலித்தது. அதற்குள் எதிரே மாப்பிள்ளையே வந்துவிட்டார், ரொட்டி கொண்டுபோகிற தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு. துணிப் பைகளை ஏற்றத்தான் கொண்டுவந்திருந்தார். வண்டியைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார்.

"உக்காருங்க அத்தை."

"நான் என்ன ரொட்டியா?" என்றார் மாமியார். சொல்லிவிட்டு நாலடி நடந்தார். பிறகு நின்று, கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டி, கீழே கருவியோடு நின்றுகொண்டிருந்த மருமகளைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "ஏம்மா மில்லி, வண்டி விடக் கூடாதுன்னு சொன்னியே, இது அதுல சேருமா?"

"தள்ளுவண்டிக்குப் பரவாயில்ல அத்தை."

"நான் உக்காந்தா?"

அவள் கருவியில் கண் வைத்தபடியே சொன்னாள், "உக்காருங்க, பாத்துச் சொல்றேன்."

பாலத்தின் மேலும் கீழும் ஒரே சிரிப்பு. மாமியார் ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை தள்ளினார். கொடிக்கம்பம் கையைத் தூக்கி, "அசையல" என்று அறிவித்தார். பெண்ணைப் பெற்றவர் தன் வருங்கால மருமகன் தள்ள, ரொட்டி வாசனையோடு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கடைசி ஆள் தாண்டியதும் மில்லி மேடம் முக்காலியை மடக்கிக் கொடிக்கம்பத்திடம் கொடுத்துவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் ஓடினாள். கல்யாணத்தின் தொடக்கம் அவளுக்குத் தவறிவிட்டது. ஆனால் அவள் உள்ளே நுழைந்தபோது நாத்தனார் மேடையிலிருந்தே கையை ஆட்டிக் கூப்பிட்டு, படம் எடுப்பவரை நிறுத்தி வைத்து, அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் படத்தில் எல்லாருடைய காலும் பளபளக்கிறது, அண்ணியின் கால் மட்டும் சேறு.

அதற்குப் பின் சில நாட்களில் வண்டிகளும் ஓட ஆரம்பித்தன. மெக்கானிக்குக்கு ஆற்றிலிருந்து எட்டி, மேட்டில் வேறு இடம் கொடுத்தார்கள். வடிகால் ஓட்டைகளுக்கு முன்னால் இப்போது யாராவது வண்டியை நிறுத்தினால் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான். "எடுங்க, எடுங்க. அது மூச்சு விடுற இடம்" என்பார். மில்லி மேடமும் தன் பார்க்கும் வேலையில் ஒன்றைக் கூட்டிக்கொண்டாள்: சுவரோரம் எது அடுக்கியிருந்தாலும் பின்னால் போய் எட்டிப் பார்ப்பது.

அடுத்த வருடம் இன்னும் இரண்டு பாலங்களை அவளிடம் கொடுத்தார்கள். ஊரில் மண் பாலம் என்கிற கிண்டல் குறைந்தது. ஆனால் வேறு தொல்லை வந்தது. எந்த வீட்டில் விரிசல் விழுந்தாலும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். டாக்டர் வீட்டுக்கு வந்ததுபோல வாசலிலேயே நின்று வரவேற்று, "இது எப்ப வந்துச்சுன்னே தெரியல மேடம்" என்று சுவரைக் காட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டிலிருந்து போன். பேக்கரியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கோடு விழுந்திருக்கிறதாம், நாத்தனாரின் மாமியார் ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம்.

போனாள். கையால் தடவிப் பார்த்தாள், விரலால் தட்டிக் கேட்டாள்.

"சுண்ணாம்புதான் உரிஞ்சிருக்கு. சூடு பட்டு வெடிச்சது. சுவருக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

"நல்லாப் பாத்தியாம்மா?" என்றார் நாத்தனாரின் மாமியார்.

பென்சிலை எடுத்துக் கோட்டின் இரண்டு நுனியிலும் சின்னதாக ஒரு குறி போட்டாள். "அடுத்த மாசம் பாருங்க. குறியைத் தாண்டினா கூப்பிடுங்க."

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிகளைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு நிம்மதியாகப் போய், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைப் பெரிதாக வெட்டிக்கொண்டு வந்தார்.